எடை குறைக்கும் மருந்துகள்: ஆண்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

மதுரையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். எடையைப் பற்றிய சந்தேகங்களைப் பெண்கள் பட்டப்பகலில், நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிடுகிறார்கள். ஆண்கள் தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணி, பக்கத்தில் நிற்பவர் நகர்ந்த பிறகுதான் குரலைத் தாழ்த்துகிறார்கள். கடந்த ஓராண்டுக்கும் மேலாக அப்படித் தாழ்ந்த குரலில் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எந்த அளவு என்பதைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்கு இது உதவும்.

அண்ணே, எடை குறைய ஊசி வந்திருக்காமே, நெசமாவே வேலை செய்யுதா?

செய்கிறது. செமாகுளூட்டைடு என்ற மருந்தை வாரம் ஒரு முறை 2.4 மி.கி. வீதம் 68 வாரங்கள் போட்டுக்கொண்டவர்கள், 2021-இல் வெளியான 'ஸ்டெப் 1' ஆய்வில், தங்கள் எடையில் சராசரியாக 14.9 சதவீதத்தை இழந்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள் இழந்தது 2.4 சதவீதம். டிர்செபடைடு என்ற மருந்தின் உச்ச அளவான 15 மி.கி.யை 72 வாரங்கள் எடுத்தவர்களுக்கு, 2022-இல் வெளியான 'சர்மவுண்ட் 1' ஆய்வில், ஏறத்தாழ 21 சதவீதம் குறைந்தது. அதாவது நூறு கிலோ மனிதர் ஒன்றரை ஆண்டுக்குள் எண்பது, எண்பத்தைந்து கிலோவுக்கு வருகிறார்.

இது சராசரிக் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆய்வுகளில் ஐந்து சதவீதம்கூடக் குறையாதவர்களும் இருந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் உணவு, நடைப்பயிற்சி ஆலோசனை சேர்த்தே தரப்பட்டது என்பதும் பெரும்பாலும் விட்டுப்போகிற செய்தி.

என்னென்ன மருந்து இருக்கு? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பேர் சொல்றாங்க.

பெயர்கள்தான் அதிகம், மருந்துகள் குறைவு. கைவிரலில் எண்ணிவிடலாம். பழையது ஆர்லிஸ்டாட் மாத்திரை. அடுத்து நாள்தோறும் போடும் லிராகுளூட்டைடு ஊசி. பிறகு வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு. வீகோவி, ஓசெம்பிக் இரண்டுமே செமாகுளூட்டைடுதான். ஒன்று எடைக்கு என்றும் மற்றொன்று சர்க்கரை நோய்க்கு என்றும் அனுமதி பெற்றவை, உச்ச அளவு வேறு. டிர்செபடைடு இந்தியாவில் மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தது. வீகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது.

அமெரிக்காவில் ஃபென்டெர்மின்–டோபிராமேட், நால்ட்ரெக்சோன்–புப்ரோபியான் என்ற கூட்டு மாத்திரைகளும் உண்டு. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அவற்றின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவதால் இங்கே கேள்வி எழுகிறது. ஃபென்டெர்மின் இதயத்துடிப்பை ஏற்றக்கூடியது என்பதால், இதய நோயாளிகள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

அது உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுது?

சாப்பிட்டவுடன் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியை அனுப்புகிறது. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளூட்டைடு அதைப் போலவே செயல்பட்டு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. டிர்செபடைடு இதனுடன் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இந்த வகையில் முதலில் சந்தைக்கு வந்த எக்ஸெனடைடு, கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டறியப்பட்ட ஒரு பொருளின் செயற்கை வடிவம். 2005-இல் சர்க்கரை நோய்க்காக அனுமதி பெற்றது. 'பல்லி விஷத்தைப் போடுறாங்களாமே' என்று கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: இன்றைய ஊசிகள் எதிலும் பல்லி இல்லை.

நான் அஞ்சடி ஏழங்குலம், 84 கிலோ. எனக்கெல்லாம் எழுதித் தருவாங்களா?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் வர்க்கப்படுத்தி வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. உங்கள் கணக்கு 29. இந்த ஊசிகளின் அனுமதி வாசகம், குறியீடு 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உறக்க மூச்சுத்தடை போன்ற ஒன்றாவது கூடவே இருப்பவர்களுக்கு என்று சொல்கிறது. ஆகவே 29 என்பது மட்டும் போதாது. அதனுடன் வேறு என்ன இருக்கிறது என்பதே கேள்வி. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் கொழுப்பும் ஏறிவிடுவதால், இந்தியக் கணக்கில் 23-க்கு மேல் கூடுதல் எடை என்றும் 25-க்கு மேல் உடல் பருமன் என்றும் கொள்கிறார்கள்.

ஆண்களுக்கு இடுப்பளவு இன்னும் முக்கியம். 90 செ.மீ.க்கு மேல் போனால் எச்சரிக்கை. 'எனக்கு இடுப்பு 34 தான்' என்று அடித்துச் சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அது பேன்ட்டின் அளவு, தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டிய பெல்ட்டின் அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபடி அளக்க வேண்டும். கடையில் ஒருவர் அப்படி அளந்து 104 செ.மீ. என்று பார்த்ததும், டேப் தேய்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார்.

ஆம்பளைங்களுக்குன்னு தனி மருந்து இருக்கா?

இல்லை. மருந்தும் ஒன்றே, அளவும் ஒன்றே. ஆனால் எதிர்பார்ப்பில் ஒரு திருத்தம் தேவை. முதல் பதிலில் சொன்ன 'ஸ்டெப் 1' ஆய்வில் பங்கேற்றவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். இந்த மருந்துகளால் பெண்களுக்குக் குறையும் சதவீதம், ஆண்களுக்குக் குறைவதைவிடச் சற்று அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்தது. மனைவிக்குப் பதினாறு கிலோ குறைந்து தனக்குப் பதினொன்றுதான் குறைந்தது என்றால், மருந்து போலி என்று சண்டைக்கு வர வேண்டியதில்லை.

மறுபக்கம், ஆண்களின் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிப் படிகிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பகையானது அந்தக் கொழுப்புதான். அதனால் எடையில் குறைவாகத் தெரிந்தாலும், ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் லாபம் சிறியதாக இருப்பதில்லை.

அப்போ எது பெஸ்ட்? ஒண்ணு சொல்லுங்க, அதையே வாங்கிக்கிறேன்.

எடையை மட்டும் பார்த்தால் டிர்செபடைடு முன்னால் நிற்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025-இல் வெளியான 'சர்மவுண்ட் 5' ஆய்வில், 72 வாரங்களில் டிர்செபடைடால் 20.2 சதவீதமும் செமாகுளூட்டைடால் 13.7 சதவீதமும் குறைந்தது. ஆனால் 'எது பெஸ்ட்' என்பது செருப்புக் கடையில் கேட்கும் கேள்வி. இங்கே கேட்க வேண்டியது, 'எடையோடு சேர்ந்து எனக்கு வேறு என்ன இருக்கிறது' என்பது.

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால் செமாகுளூட்டைடுக்கு வலுவான சான்று இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லாத, இதய நோய் உள்ள, குறியீடு 27-க்கு மேற்பட்ட 17,604 பேரிடம் நடந்த 'செலக்ட்' ஆய்வு 2023-இல் வெளியானது. பங்கேற்றவர்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை வெற்று ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 6.5 பேருக்கும் நேர்ந்தன. இருபது சதவீதக் குறைவு என்று விளம்பரம் சொல்வது இந்த இடைவெளியைத்தான். ஈரல் கொழுப்பு முற்றி வீக்கமும் தழும்பும் கண்டவர்களுக்கும் செமாகுளூட்டைடை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஆகஸ்டில் அனுமதித்தது.

குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு எழும் உறக்க மூச்சுத்தடை உள்ளவர் என்றால் டிர்செபடைடு. இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி பெற்ற மருந்து அது. ஆய்வில் சேர்ந்தபோது மணிக்குச் சராசரியாக ஐம்பது முறை மூச்சு தடைப்பட்டவர்களுக்கு, ஓராண்டில் அதில் இருபத்தைந்து முறைக்கு மேல் குறைந்தது. சர்க்கரை நோய் இருந்தால் இரண்டுமே உதவும். எது என்பதைச் சர்க்கரை அளவும், சிறுநீரகமும், கண்ணும், பணப்பையும் சேர்ந்து தீர்மானிக்கும்.

ஊசின்னா பயம். மாத்திரையா கிடைக்குமா?

ஆர்லிஸ்டாட் 120 மி.கி. மாத்திரை அமெரிக்காவில் 1999 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டுடன் நாளைக்கு மூன்று வேளை. அது பசியைத் தொடுவதில்லை. உண்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் செரிக்க விடாமல் அப்படியே வெளியேற்றுகிறது. வெளியேற்றுகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் திருமணத்துக்குப் போனவரின் கதையை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், விவரம் வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு போய்விடுவதால், படுக்கும்முன் வைட்டமின் மாத்திரை எடுக்கச் சொல்வார்கள். இவ்வளவுக்கும் ஓராண்டில் கூடுதலாகக் குறைவது மூன்று கிலோ அளவுதான்.

செமாகுளூட்டைடு மாத்திரை வடிவிலும் உண்டு. ரைபெல்சஸ் என்ற பெயரில் இந்தியாவில் 2022 முதல் கிடைப்பது சர்க்கரை நோய்க்கானது. எடைக்கென 25 மி.கி. மாத்திரையை அமெரிக்கா 2025 டிசம்பரில் அனுமதித்தது. இதைக் காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். நம் ஊரில் ஊசியைவிட இந்த அரை மணி நேரம்தான் பலருக்குக் கடினமாக இருக்கிறது.

எங்க மாமா மெட்ஃபார்மின் போட்டு இளைச்சாரு. அது மலிவாச்சே?

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கான மருந்து. சர்க்கரை எல்லையில் நின்றவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், அதனால் குறைந்தது சராசரியாக இரண்டு கிலோ. மாமா பத்துக் கிலோ இளைத்தார் என்றால், ஒன்று அவர் இனிப்பை நிறுத்தியிருப்பார், அல்லது கட்டுப்படாத சர்க்கரையே அவரை இளைக்க வைத்திருக்கும். இரண்டாவது நல்ல செய்தி அல்ல.

தைராய்டு மாத்திரையையும் சிலர் கேட்கிறார்கள். தைராய்டு குறை இல்லாதவர் எடைக்காக அதை எடுத்தால் நெஞ்சு படபடப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். குறைகிற எடையில் எலும்பும் தசையும் இருக்கும்.

மாசம் எவ்வளவு ஆகும்? இன்ஷூரன்ஸ் குடுக்குமா?

மௌஞ்சாரோ வந்தபோது 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்பதால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. வீகோவியின் தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாய்க்கு வந்து, 2025 நவம்பரில் 11,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கும் வழி திறக்கிறது. அப்படி வருவதை வாங்கும்போது பெட்டியில் தயாரிப்பு உரிம எண், காலாவதித் தேதி, குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த நிலை ஆகிய மூன்றையும் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். மாத விலையைப் பார்க்கும்போது, அளவு ஏற ஏற விலையும் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் மாதச் செலவை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்குப் போட்டு, ஐந்தாம் மாதத்தில் பாதியில் நிறுத்தியவர்கள் பலர்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உதவாது. நம் நாட்டுப் பாலிசிகளில் எடைக் குறைப்புக்கென்று தனி விலக்கு விதி அச்சிடப்பட்டிருக்கும். குறியீடு 40-ஐத் தொட்டாலோ, 35-க்கு மேல் இருந்து கடுமையான துணை நோய்கள் இருந்தாலோ, அறுவை சிகிச்சைக்கு மட்டும் அதில் வழி உண்டு. ஊசிக்குக் கைப்பணம்தான்.

நானே போட்டுக்கலாமா? ஃப்ரிட்ஜ்ல எங்க வைக்கணும்?

நீங்களே போட்டுக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி வயிற்றிலோ, தொடையிலோ, தோலுக்கு அடியில் போடும் சிறிய ஊசி. இன்சுலின் போட்டவர்களுக்குப் பழகியதுதான். எடுத்தவுடன் முழு அளவைப் போடுவதில்லை. செமாகுளூட்டைடு 0.25 மி.கி.யில் தொடங்கி 0.5, 1, 1.7 என்று நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏறி 2.4-க்குப் போகும். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கி 2.5 வீதம் ஏறும். 'சீக்கிரம் குறையட்டும்' என்று படியைத் தாண்டினால், குறைவதற்கு முன் வாந்திதான் வரும். குறைந்த படியிலேயே நன்றாகக் குறைந்துகொண்டிருந்தால் மருத்துவர் அங்கேயே நிறுத்தி வைப்பதும் உண்டு.

குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. ஒரு முறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அது குப்பைக்குத்தான். உறைபெட்டியின் அடியில் ஒட்டியும் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். வெளியே 30 டிகிரிக்குள் சில வாரங்கள் தாங்கும் என்று தாளில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் சித்திரை மாத அறை 30 டிகிரிக்குள் இருக்காது. ஊருக்குப் போகும்போது ஐஸ் பையை நேரடியாக ஒட்டாமல், துணி சுற்றிய டப்பாவில் எடுத்துப் போங்கள்.

போன வாரம் மறந்துட்டேன். ரெண்டையும் சேத்துப் போட்டுடவா?

கூடாது. வீகோவியில், அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் மறந்ததை இப்போது போடலாம். அதற்குள் என்றால் விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடரலாம். மௌஞ்சாரோவில் மறந்த நாளிலிருந்து நான்கு நாளுக்குள் என்றால் போடலாம். இரண்டு மூன்று வாரங்கள் விட்டுப்போயிருந்தால் விட்ட படியிலேயே தொடராமல் மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் கீழ்ப்படியிலிருந்து ஏறச் சொல்வார்.

குமட்டிக்கிட்டே இருக்கு, நிறுத்திடவா?

குமட்டல் பொதுவானது, 'ஸ்டெப் 1' ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு வந்தது. பெரும்பாலும் அளவு ஏறும் வாரங்களில் வந்து தணியும். இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்று மூன்றாம் பதிலில் சொன்னதை நினைவில் வைத்தால் வைத்தியம் புரியும். இரவு பத்து மணிக்கு நான்கு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் காலையிலும் அது அங்கேயே நிற்கும். இரவு உணவை ஏழரைக்குள், இரண்டு இட்லி அளவில், எண்ணெய் குறைத்து முடித்தவர்கள் பலரும் குமட்டலைக் கடந்துவிட்டார்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் போதாவிட்டால் மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை வேறு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்கு அடியில் வலியும் காய்ச்சலும், கண் மஞ்சளும் வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக எடை குறையும் யாருக்கும் அது வரக்கூடும். ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினால், மிக அரிதாக வரும் பார்வை நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். இந்த மூன்றிலும் ஊசியை நிறுத்திவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

யாரு இதைத் தொடவே கூடாது?

மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ ரத்த உறவுகளுக்கோ வந்தவர்கள், அத்துடன் தொடர்புடைய 'மென் 2' என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. சாதாரணத் தைராய்டு குறை தடையில்லை. முன்பு கணைய அழற்சி வந்தவர்கள், இரைப்பை இயக்கம் ஏற்கெனவே மந்தமானவர்கள் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் கண்ணைக் காட்டிய பிறகே தொடங்க வேண்டும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த ஊசியையும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பழைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ செய்யப்போகிறவர்கள் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெறும் வயிறு என்று நினைத்துப் படுப்பவரின் வயிற்றில் உணவு இருக்கக்கூடும்.

தசை கரைஞ்சிடும்னு ஜிம்ல சொல்றாங்களே?

பாதி உண்மை. எப்படிக் குறைந்தாலும், குறையும் எடையில் ஒரு பங்கு கொழுப்பல்லாத உடலிலிருந்து போகிறது. ஊடுகதிர் மூலம் உடற்கூறு அளந்த துணை ஆய்வுகளில், 'ஸ்டெப் 1'-இல் அந்தப் பங்கு ஐந்தில் இரண்டு அளவாகவும், 'சர்மவுண்ட் 1'-இல் நான்கில் ஒன்று அளவாகவும் இருந்தது. இளைஞருக்கு இது பெரிய இடரல்ல. அறுபதைத் தாண்டியவருக்கு, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியுமா என்பதே இதைப் பொறுத்தது.

மாற்று தெரிந்ததுதான்: வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, கூடவே புரதம். பசி இல்லாதபோது தட்டில் முதலில் குறைவது புரதம் என்பதுதான் நான் காணும் சிக்கல். இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார்கள். சாப்பிடும் கொஞ்சத்தில் முதலில் முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர்; சோறு பிறகு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேக்கவே கூச்சமா இருக்கு. இதைப் போட்டா ஆண்மை குறையுமா? குழந்தைக்கு வேற முயற்சி பண்றோம்.

கூசாமல் கேட்க வேண்டிய கேள்வி. கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பருமனான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் தாழ்ந்திருப்பதற்கு அது ஒரு காரணம். எடை குறையும்போது டெஸ்டோஸ்டீரோன் ஏறுகிறது. ரத்தக்குழாய்கள் சீராவதால் விறைப்புத் தன்மையும் பலருக்கு மேம்படுகிறது. செமாகுளூட்டைடைக் கருத்தரிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்ற அறிவுரை பெண்களுக்கானது. ஆண்களுக்கு அப்படி ஒன்று மருந்துக் குறிப்பில் இல்லை. ஆனாலும் முயற்சியில் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 'டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டால் தொப்பை கரையும்' என்று போட்டுக்கொள்கிறவர்களுக்கு விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம். அது எடைக்கான மருந்து அல்ல. குழந்தைக்குக் காத்திருப்பவர் போடவே கூடாத ஊசி.

சனிக்கிழமை ரெண்டு பெக் போடலாமா?

ஊசியோடு மது நேரடியாக மோதுவதில்லை. ஆனால் கணைய அழற்சிக்கு மது தனியாகவே ஒரு காரணம். இரண்டையும் சேர்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. சாப்பிடாமல் குடித்தால், சர்க்கரை மாத்திரையும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழும். இந்த ஊசிக்குப் பிறகு குடிக்கும் ஆசையே குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அதைப் பற்றிச் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குடியை நிறுத்தும் மருந்தென்று இதற்கு அனுமதி கிடையாது.

எடை குறைஞ்சதும் நிறுத்திடலாம்ல?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவருக்குப் பிடிக்காத பதிலும் இதற்குத்தான். 'ஸ்டெப் 1' ஆய்வு முடிந்து ஊசியை நிறுத்தியவர்கள், ஓராண்டுக்குள் தாங்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போன்றதுதான் இது. பசியை அடக்கியிருந்த ஹார்மோன் போனதும் பசி வருகிறது, மெலிந்த உடல் பழைய எடையைத் தேடுகிறது.

எனவே தொடங்கும் முன்பே மூன்று ஆண்டுக்குத் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். மகள் திருமணத்துக்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று வருபவரிடம் இதைத்தான் சொல்கிறேன்: கல்யாண ஆல்பத்தில் மெலிந்திருப்பீர்கள், வளைகாப்பு ஆல்பத்தில் பழைய ஆளாக இருப்பீர்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரேயடியாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் விதத்தில் அளவைக் குறைத்து, பயிற்சியை விடாமல் பார்த்துக்கொள்ளலாம். எடை ஏறும் வேகத்தையாவது அது தணிக்கக்கூடும்.

ஜிம் மாஸ்டர் பாதி விலைக்குத் தர்றேங்கிறாரு. வாங்கலாமா?

வேண்டாம். பெயர் ஒட்டாத சிறு குப்பியில் பொடியாக வந்து, தண்ணீர் கலந்து போடச் சொல்லும் எதையும் வாங்காதீர்கள். ரெடாட்ரூடைடு என்ற பெயரில் விற்கப்படுவது இன்னும் ஆய்வில் இருந்த நிலையிலேயே கள்ளச் சந்தைக்கு வந்துவிட்ட மருந்து. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மி.கி., கிருமி நீக்கியதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

'மூலிகை' என்ற பெயரில் வரும் பொடிகளிலும் எச்சரிக்கை வேண்டும். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் உலகச் சந்தையிலிருந்து 2010-இல் விலக்கப்பட்டு, இந்தியாவிலும் 2011-இல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மாத்திரை, பல நாடுகளில் மூலிகை எடைக் குறைப்புப் பொருட்களில் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது. பத்து நாளில் ஐந்து கிலோ குறைக்கும் மூலிகை எதுவும் எனக்குத் தெரிந்து மண்ணில் முளைப்பதில்லை.

ஊசியா, ஆபரேஷனா?

குறியீடு 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு, இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை ஊசியைவிட அதிக எடையை, நீண்ட காலத்துக்குக் குறைக்கிறது. ஆசியர்களுக்கு 27.5-க்கு மேலேயே அதைப் பரிசீலிக்கலாம் என்று 2022-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று ஆண்டு ஊசிச் செலவைக் கூட்டிப் பார்த்தால் சிலருக்கு அறுவை சிகிச்சையே மலிவாகவும் இருக்கும். வாழ்நாள் முழுக்க வைட்டமின் எடுக்க வேண்டியிருப்பது அதன் விலை.

டாக்டரைப் பாக்கப் போறேன். என்ன எடுத்துட்டுப் போகணும்?

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைத் தாள்கள். சரியாக அளந்த இடுப்பளவு. இரவில் மூச்சு நிற்பதாக மனைவி சொல்கிறாரா என்ற தகவல். எல்லாவற்றையும்விட முக்கியம், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தும். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன், கிளிமிபிரைடு, இன்சுலின், ஸ்டீராய்டு, மனநோய்க்கான ஓலன்சபின், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவை தாங்களே எடையை ஏற்றக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் பார்வைக்குக் கொண்டுபோங்கள்.

சென்ற ஆண்டு ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், எந்த ஊசி என்று கேட்டு நான்கு நாள் வந்து நின்றார். ஐந்தாம் நாள் அவருடைய மாத்திரைகளை மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதியதில், மேலே சொன்ன முதல் இரண்டும் அந்தப் பையில் இருந்தன. அதே பையோடு அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். மருத்துவர் அந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாராம். மூன்று மாதம் கழித்து வந்தவர் கல்லாவுக்கு முன்னால் நின்று, நாலு பேர் கேட்கும் குரலில், ஆறு கிலோ குறைந்ததாகச் சொன்னார்.